பிறந்த பிள்ளை ஒரு கையைத் தூக்கவில்லை: இழுத்து உருவலாமா?

மூதூரிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: பிள்ளைக்கு 12 நாள். பிறப்பு நிறை 4.1 கிலோ, தோள் சிக்கித்தான் பிறந்தது. வலது கை தொங்குகிறது, விரல்கள் மட்டும் அசைகின்றன. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. அம்மம்மா எண்ணெய் பூசி, கையை இழுத்து உருவச் சொல்கிறார். செய்யலாமா?

இழுக்கவே வேண்டாம், அம்மா. தலை வந்த பிறகு தோள் சிக்கினால், கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் இழுபடும். சிலவேளை அறுந்தும் போகும். அதே நரம்பை மறுபடி இழுத்தால் காயம் கூடும். எண்ணெய் மெதுவாகப் பூசலாம். அக்குளில் பிடித்துத் தூக்காதீர்கள். சட்டை போடும்போது வலது கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது கடைசியாக எடுங்கள்.

விரல் அசைவது நல்ல அறிகுறி. பாதிப்பு பெரும்பாலும் மேலே உள்ள 5ஆம், 6ஆம் கழுத்து நரம்புகளோடு நின்றிருக்கும். இப்படியான பிள்ளைகளில் அதிகமானோர் முதல் மூன்று மாதத்துக்குள் நன்றாகத் தேறிவிடுகிறார்கள்.

ஆனால் நரம்பு தேறும்வரை தோள் காத்திருக்காது. கையை உள்பக்கம் திருப்பும் தசைகள் வேலை செய்கின்றன, வெளிப்பக்கம் திருப்பும் தசைகள் செய்வதில்லை. அப்படியே விட்டால் தோள் உள்நோக்கி இறுகி, மூட்டுப் பந்து மெல்லப் பின்னால் நழுவும். அதனால்தான் பயிற்சி. முதல் முறை திருகோணமலை பொது வைத்தியசாலை இயன்மருத்துவரிடம் செய்துகாட்டச் சொல்லி, அவர் தொடங்கச் சொன்ன நாளிலிருந்து செய்யுங்கள்.

பிள்ளையை மல்லாக்கப் படுக்கவையுங்கள். மேல்கையை விலாவோடு ஒட்டிப் பிடித்து, முழங்கையை 90 பாகைக்கு மடியுங்கள். முன்கையை மெதுவாக வெளிப்பக்கம், படுக்கையை நோக்கித் திருப்புங்கள். தசை இறுகுவது தெரிந்த இடத்தில் நிறுத்தி, பத்து எண்ணும்வரை பிடியுங்கள். ஐந்து தடவை போதும். ஒவ்வொரு முறை பம்பர்ஸ் மாற்றும்போதும் செய்தால் மறக்காது. மேல்கை விலாவை விட்டு விலகினால் தோள் திரும்பாது. பலரும் பிழைவிடுவது இங்கேதான். பிள்ளை வலியில் அழுதால் விட்டுவிடுங்கள்.

ஒரு மாதத்தில் கை முழுதாகத் தேறாவிட்டால் சிறப்பு வைத்தியரிடம் அனுப்பும்படி கேளுங்கள். மூன்று மாதம் முடியும்போது, மடியில் நிமிர்த்தி வைத்த பிள்ளை முழங்கையைத் தானாக மடித்து முன்கையைத் தூக்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நரம்புச் சத்திரசிகிச்சை தேவையா என்று முடிவெடுக்கும் காலம் அதுதான். பொதுவாக 3 முதல் 9 மாதத்துக்குள் செய்வார்கள். ஒட்டிய நரம்பு நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தான் வளரும். அது போய்ச் சேருமுன் தசை மெலிந்துவிடக் கூடாது. “ஒரு வயதில் சரியாகும்” என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள்.

வலது கண்ணிமை இறங்கி கண்மணி சிறுத்திருந்தால், அல்லது விரல்களும் அசையாமல் போனால், தவணைக்குக் காத்திராமல் உடனே காட்டுங்கள். மூச்சு வேகமாக வாங்கினால் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்: மூச்சுக்கான உதரவிதான நரம்பும் அதே கழுத்திலிருந்துதான் வருகிறது.