நுண்ணோக்கியில் 10 லட்சம், அகார் தட்டில் 2,000: எந்த எண்ணை நம்புவது?

கேள்வி: முதுநிலை ஆய்வுத் திட்டத்துக்காக நன்னீர்க் குளம் ஒன்றின் பாக்டீரியாக்களை எண்ணி வருகிறேன். டி.என்.ஏ.வைப் பற்றி ஒளிரும் டேப்பி சாயம் ஏற்றி ஒளிர்நுண்ணோக்கியில் பார்த்தபோது மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 10 லட்சம் செல்கள் தெரிந்தன. அதே நீரை 10 மடங்கு நீர்த்து, 0.1 மில்லிலிட்டரை நியூட்ரியன்ட் அகார் என்ற சத்துக்கூழ்த் தட்டில் பரப்பி, 37 டிகிரி செல்சியஸில் 2 நாள் வைத்ததில் 20 காலனிகளே (செல் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் திட்டுகள்) வந்தன. மில்லிலிட்டருக்கு 2,000 என்றாகிறது. என் செய்முறையில் தவறு இருக்கிறதா? வளராத செல்கள் எந்த இனம், அவற்றின் பரிணாம உறவு என்ன என்பதை எப்படிக் கண்டறிகிறார்கள்? அதில் என்னால் எவ்வளவு செய்ய முடியும்?

பதில்: உங்கள் செய்முறையில் திருத்த வேண்டியவை சில உண்டு. ஆனால் அத்தனையையும் திருத்திய பிறகும் இந்த 500 மடங்கு இடைவெளி குறையுமே தவிர மறையாது. நன்னீரிலும் கடல்நீரிலும் நுண்ணோக்கி காட்டும் செல்களில் 1 விழுக்காட்டுக்கும் குறைவானவையே வழக்கமான தட்டில் காலனியாகின்றன என்பது நெடுங்காலமாகப் பதிவாகிவரும் செய்தி. 1985ல் நுண்ணுயிரியலாளர்கள் ஸ்டேலியும் கொனொப்காவும் அதற்குப் 'பெரும் தட்டெண்ணிக்கை முரண்' என்ற பொருளில் பெயரிட்டார்கள். உங்களுக்குக் கிடைத்த 0.2 விழுக்காடு அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது.

முதலில் கணக்கைச் சரிபார்த்துக்கொள்வோம். ஒரு தட்டில் 30 முதல் 300 வரை காலனிகள் இருந்தால்தான் அதை எண்ணிக்கைக்கு எடுத்துக்கொள்வது வழக்கம். ஒரே தட்டில் 20 காலனிகள் வந்திருந்தால், தற்செயல் வேறுபாட்டால் மட்டுமே உண்மையான சராசரி 12 முதல் 31 வரை எதுவாகவும் இருக்கலாம். எனவே நீர்க்காத நீரிலும் 0.1 மில்லிலிட்டரைப் பரப்புங்கள். ஏறத்தாழ 200 காலனிகள் கிடைக்கும், எண்ணும் உறுதிப்படும். ஒவ்வொரு நீர்த்தலுக்கும் மூன்று தட்டுகளாவது வேண்டும். ஒட்டிக்கிடக்கும் செல்திரள் ஒன்று ஒரே காலனியாகத்தான் வளரும் என்பதால் தட்டு எப்போதும் சற்றுக் குறைத்தே சொல்லும். இருந்தாலும் இந்தப் பிழைகள் சில மடங்கு வேறுபாட்டை விளக்குமே ஒழிய 500 மடங்கை விளக்க மாட்டா.

நுண்ணோக்கி எண்ணையும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். சாயமேற்றிய நீரை வடிதாளில் வடித்து, அதில் தங்கும் செல்களைத்தான் எண்ணுகிறோம். நான் அடிக்கடி காணும் பிழை ஒன்று, நீர் வடிந்த வட்டத்தின் விட்டத்தை அளக்காமல் வடிதாளின் முழு விட்டத்தையும் கணக்கில் போடுவது. 25 மில்லிமீட்டர் தாளில் நீர் வடிந்த வட்டம் 17 மில்லிமீட்டர்தான் என்றால், அந்த ஒரு பிழையே எண்ணிக்கையை இரு மடங்குக்கு மேல் உயர்த்திவிடும். டேப்பி ஏற்ற செல்கள் நீலமாக ஒளிரும். மஞ்சளாகத் தெரியும் துகள்கள் பெரும்பாலும் கசடு, அவற்றை எண்ணக் கூடாது. நுண்துகள் நீக்கிய நீரை இதே சாயத்தோடு வடித்து, வெறுந்தாள் எண்ணிக்கையைக் கழித்துவிடுங்கள். மேலும், டேப்பி டி.என்.ஏ.வைத்தான் பற்றுகிறது, செல் உயிரோடு இருக்கிறதா என்பதை அது சொல்லாது. சவ்வு சிதைந்த செல்லுக்குள் மட்டுமே நுழையும் புரோப்பிடியம் அயோடைடு போன்ற சாயத்தைத் துணைக்கு எடுத்துக்கொண்டால், இறந்தவற்றின் பங்கு ஓரளவு தெரியவரும்.

இனி வளர்ப்பு ஊடகத்துக்கும் (செல்கள் வளரும் சத்துக்கலவை) வெப்பநிலைக்கும் வருவோம். 37 டிகிரி என்பது மனித உடலில் வாழும் நுண்ணுயிரிகளுக்கு ஏற்ற வெப்பநிலை. குளத்து நீரில் வாழ்பவற்றுக்கு 20 முதல் 25 டிகிரி பொருந்தும். நியூட்ரியன்ட் அகாரில் லிட்டருக்குப் பெப்டோனும் மாட்டிறைச்சிச் சாறுமாக 8 கிராம் அளவுக்குச் சத்து இருக்கிறது. வேகமாகப் பெருகும் சிலவற்றுக்கு இது சாதகம், வறிய நீரில் மெல்ல வாழப் பழகியவற்றுக்கு அப்படியல்ல. 1985ல் ரீசனரும் கெல்ட்ரைக்கும் நீர் ஆய்வுக்கென வெளியிட்ட ஆர்.2.ஏ. ஊடகத்தில் ஒவ்வொரு சத்தும் லிட்டருக்கு அரை கிராமோ அதற்கும் குறைவாகவோதான் சேர்க்கப்படுகிறது. அந்த ஊடகத்துக்கு மாறி, தட்டுகள் காய்ந்துபோகாதபடி மூடி, மூன்று வாரம் வரை வைத்திருந்து, வாரந்தோறும் புதிதாக எழும் காலனிகளை வேறு வேறு நிறத்தில் குறித்துவாருங்கள். இரண்டாம் நாளில் முடித்த எண்ணிக்கை எவ்வளவு அவசரமானது என்பது அப்போது தெரியும்.

தட்டு தயாரிக்கும் முறையிலேயே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பாஸ்பேட்டையும் அகாரையும் ஒன்றாகக் கலந்து, அழுத்த நீராவியால் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவில் வைத்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகிறது. இரண்டையும் தனித்தனியே கிருமிநீக்கிப் பிறகு கலந்தால் காலனிகள் கூடுகின்றன என்று 2014ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். செலவே இல்லாத இந்த மாற்றத்தைத்தான் உங்கள் திட்டத்தில் முதலில் செய்து பார்க்கச் சொல்வேன். ஒரே நீர், ஒரே நாள், இரு வகைத் தட்டுகள் என ஒப்பிட்டாலே அது ஒரு நல்ல அட்டவணையாகிவிடும்.

பெராக்சைடு ஏன் சில செல்களை மட்டும் இப்படித் தாக்குகிறது என்று கேட்டால், விடை பரிணாமத்தில் இருக்கிறது. கடலில் ஒளிச்சேர்க்கை செய்யும் புரோகுளோரோகாக்கஸ் என்ற பாக்டீரியத்திடம் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதிக்கான மரபணு இல்லை. சுற்றியுள்ள வேறு பாக்டீரியாக்கள் நீரில் உள்ள பெராக்சைடை அகற்றிவிடுவதால், அந்த மரபணுவைச் சுமப்பது அதற்குத் தேவையற்ற செலவாகிவிட்டது. அக்கம்பக்கத்தார் செய்யும் வேலைக்கான மரபணுவை இழப்பதே சில சூழல்களில் ஆதாயம் என்ற இந்தக் கருத்தை 2012ல் மாரிஸ், லென்ஸ்கி, சின்சர் மூவரும் 'கருப்பு ராணிக் கருதுகோள்' என்ற பெயரில் முன்வைத்தார்கள். கூட்டத்திலிருந்து பிரித்துத் தனிக் காலனியாக வளர்க்க முயலும்போதுதான் இந்த இழப்பு வெளிப்படுகிறது. உங்கள் குளத்துக்கு நெருக்கமான சான்றும் உண்டு. நன்னீரில் மிகுதியாக இருந்தும் தூய வளர்ப்பாக நிலைக்காமல் நழுவிவந்த ஏ.சி.1 என்ற ஆக்டினோபாக்டீரியக் கிளையை, ஊடகத்தில் கேட்டலேஸைச் சேர்த்து 2019ல் தென்கொரிய ஆய்வாளர்கள் வளர்த்துக் காட்டினார்கள்.

கடலில் மிகப் பெருமளவில் உள்ள எஸ்.ஏ.ஆர்.11 கூட்டத்தின் கதை இன்னும் தெளிவானது. 1990ல் சர்காசோ கடல் நீரிலிருந்து பிரித்த மரபணு வரிசையாக மட்டுமே அது அறிமுகமானது. செல்லை வளர்க்க 2002 வரை ஆயிற்று. நுண்ணுயிர் நீக்கிய கடல்நீரிலேயே, வளர்ப்புத் தட்டின் ஒரு குழிக்குச் சில செல்களே விழும்படி நீர்த்து வளர்த்தார்கள். பெலாஜிபாக்டர் என்று பெயர் பெற்ற அதன் மரபணுத்தொகை ஏறத்தாழ 13 லட்சம் கார இணைகளே (டி.என்.ஏ. எழுத்து இணைகள்) கொண்டது, ஆய்வகங்களில் பழக்கமான குடல் பாக்டீரியமான ஈ.கோலையின் கே-12 வகையில் 46 லட்சம் இருக்கின்றன. பிற பாக்டீரியாக்கள் சல்பேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் கந்தகத்தை, ஒடுக்கப்பட்ட (ஆக்சிஜனோடு சேராத) கரிமச் சேர்மமாகவே இதற்குக் கொடுக்க வேண்டும். அந்த வளர்ப்புகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கலங்கவே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள், பின்னால் பயன்படும்.

துணை உயிர் இல்லாமல் வாழவே முடியாதவையும் உண்டு. 2015ல் வட அட்லாண்டிக்கின் ஆர்க்டிக் பகுதிக் கடலடிச் சேற்று டி.என்.ஏ.விலிருந்து லோக்கி ஆர்க்கியா என்ற குழுவின் (ஆர்க்கியா என்பவை பாக்டீரியாவிலிருந்து வேறான, உட்கரு இல்லாத நுண்ணுயிரிகள்) மரபணுத்தொகை தொகுக்கப்பட்டபோது, உட்கரு உள்ள செல்களான யூகேரியோட்டுகளுக்கே உரியவை என்று கருதப்பட்ட பல மரபணுக்கள் அதில் இருந்தன. நம் செல்களின் மூதாதை ஆர்க்கியாவுக்குள்ளிருந்து கிளைத்தது என்ற கருத்து அதனால் வலுப்பெற்றது. ஆனால் கணினியில் ஒட்டியெடுத்த வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு, அது உண்மையான ஒரு செல்லுக்கு உரியதுதானா என்று ஐயுற்றவர்கள் இருந்தார்கள். 2020ல் ஜப்பானிய ஆய்வுக்குழு ஒன்று லோக்கி ஆர்க்கியாவின் உறவினம் ஒன்றை வளர்த்து வெளியிட்டது. 12 ஆண்டு உழைப்பு; செல் இரட்டிக்க 14 முதல் 25 நாள்; அது வெளியிடும் ஹைட்ரஜனை உண்ணும் மெத்தேன் ஆக்கியோடு சேர்ந்தே வளர்ந்தது. வரிசையும் வளர்ப்பும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

வளராத செல்களின் உறவை அறியும் வழிக்கு 1977ல் வோஸ், ஃபாக்ஸ் என்ற ஆய்வாளர்கள் அடித்தளம் இட்டார்கள். புரதம் தயாரிக்கும் ரைபோசோம் எல்லாச் செல்களிலும் இருக்கிறது. பாக்டீரியாவிலும் ஆர்க்கியாவிலும் அதன் சிறு துணையலகில் உள்ள 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறு சுமார் 1,500 எழுத்துகள் நீளமுடையது. அதில் சில பகுதிகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கிட்டத்தட்ட மாறாதவை, சில பகுதிகள் விரைவாக மாறுபவை. மாறாப் பகுதியில் பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) ஒட்டிக்கொள்கிறது, மாறும் பகுதி உறவைச் சொல்கிறது. ஆர்க்கியா என்ற தனிப் பெருங்கிளை தெரியவந்தது இந்த மூலக்கூறை ஒப்பிட்டதால்தான். இன்று நீரிலிருந்து மொத்த டி.என்.ஏ.வைப் பிரித்து, டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். முறையால் இந்த மரபணுவை மட்டும் பெருக்கி வரிசைப்படுத்தலாம். அல்லது அனைத்தையும் வரிசைப்படுத்தித் தனித்தனி மரபணுத்தொகைகளாகத் தொகுக்கலாம். பின்னதற்குச் செலவும் கணினித் திறனும் கூடுதல், ஆனால் பிரைமர் ஒட்டாததால் தப்பிவிடும் இனங்களும் அதில் அகப்படும்.

உங்கள் திட்டத்துக்கு நான் பரிந்துரைப்பது இரண்டு வேலைகள். ஒன்று, ஆர்.2.ஏ. தட்டின் காலனிகளில் முன்கூட்டி வளர்ந்தவை, தாமதமாக வளர்ந்தவை இரண்டிலிருந்தும் சிலவற்றை எடுத்து, 27எஃப், 1492ஆர் பிரைமர்களால் 16எஸ் மரபணுவைப் பெருக்கி, இரு முனையிலிருந்தும் சேங்கர் முறையில் வரிசைப்படுத்துவது. கிடைத்த வரிசையைப் பொதுத் தரவுத்தளங்களோடு ஒப்பிட்டு, அறிந்த இனங்களின் வகைமாதிரிக் குலங்களையும் (இனத்துக்கு அடையாளமாக வைக்கப்பட்ட வளர்ப்புகள்) ஒரு வெளிக்குழுவையும் (ஒப்பிடுவதற்கான தூரத்து உறவு) சேர்த்து வரிசையாக்கிப் பரிணாம மரம் வரையுங்கள். கிளைகள் எவ்வளவு நம்பகமானவை என்று சொல்லும் பூட்ஸ்ட்ராப் மதிப்பைக் காட்டாத மரத்தைத் தேர்வாளர் ஏற்க மாட்டார். ஒற்றுமை 98.7 விழுக்காட்டுக்குக் கீழே போனால் புதிய இனமாக இருக்க வாய்ப்புண்டு. அதற்கு மேல் இருந்தால் ஒரே இனம் என்று முடிவுகட்ட முடியாது, ஏனென்றால் ஈ.கோலையையும் வயிற்றுக்கடுப்பு தரும் ஷிகெல்லாவையும்கூட இந்த மரபணுவால் பிரித்தறிய இயலாது. எடுத்த காலனியை உடனே கிளிசராலில் உறைய வையுங்கள். லென்ஸ்கி 1988ல் ஈ.கோலையின் 12 கூட்டங்களோடு தொடங்கிய நெடுஞ்சோதனையில், ஒரு கூட்டம் ஏறத்தாழ 31,500 தலைமுறைக்குப் பிறகு ஆக்சிஜன் உள்ள சூழலில் சிட்ரேட்டை உண்ணப் பழகியது. அந்த மாற்றத்தின் படிகளைப் பின்னோக்கித் தேட முடிந்ததே 500 தலைமுறைக்கு ஒருமுறை உறைய வைத்த மாதிரிகளால்தான். தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே போனால் உங்கள் குலமும் சிறுகச் சிறுக ஆய்வகத்துக்கு ஏற்ப மாறிவிடும்.

மற்றது, நீர்த்துத் தனிப்படுத்தும் வளர்ப்பு. குளத்து நீரை வடித்து, ஆட்டோகிளேவில் கிருமிநீக்கி, அதையே ஊடகமாக்குங்கள். உங்கள் நுண்ணோக்கி எண் இங்கேதான் பயன்படுகிறது: மில்லிலிட்டருக்கு 10 லட்சம் செல்கள் என்றால், 5 லட்சம் மடங்கு நீர்த்து, குழிக்கு 1 மில்லிலிட்டர் வீதம் ஊற்றினால் சராசரியாக 2 செல்கள் விழும். குளத்தின் வெப்பநிலையில் மூன்று நான்கு வாரம் இருட்டில் வையுங்கள். கலங்கல் தெரிகிறதா என்று பார்த்து ஏமாற வேண்டாம்; பெலாஜிபாக்டர் போல மெலிதாக வளர்பவை கலங்கலே காட்டா, எனவே ஒவ்வொரு குழியிலிருந்தும் சிறிது எடுத்துச் சாயமேற்றிப் பாருங்கள். எத்தனை குழிகளில் வளர்ச்சி என்ற விகிதத்திலிருந்து, தற்செயலாகச் செல்கள் விழுவதைக் கணக்கிடும் பாய்சான் பங்கீட்டின்படி வளரக்கூடிய செல்களின் பங்கு கிடைத்துவிடும்.

நிதி மிஞ்சி, முழு நீரின் 16எஸ் வரிசைகளையும் வாங்க முடிந்தால், அந்த விகிதங்களைச் செல் எண்ணிக்கையாகப் படிக்காதீர்கள். ஈ.கோலையில் இந்த மரபணுவின் 7 நகல்களும் பெலாஜிபாக்டரில் ஒன்றும் உள்ளன. சம எண்ணிக்கையில் இருந்தால்கூட முன்னது ஏழு மடங்காகத் தெரியும். டி.என்.ஏ. பிரிக்கும் கிட்டிலேயே வெளி டி.என்.ஏ. கலந்திருக்கும் என்பதால், குளத்து நீர் சேர்க்காத வெற்று மாதிரி ஒன்றையும் தொடக்கம் முதல் இறுதி வரை கூடவே கொண்டுசெல்ல வேண்டும். அறிக்கையில் "99 விழுக்காடு பாக்டீரியாக்கள் வளர்க்க முடியாதவை" என்று எழுத வேண்டாம். இந்த ஊடகத்தில், இந்த வெப்பநிலையில், இத்தனை நாளில் இவ்வளவு பங்கு செல்கள் காலனியாயின என்று எழுதி, நுண்ணோக்கி எண்ணை அதன் அருகிலேயே கொடுங்கள்.