மறு: கடைசி அத்தியாயத்தில் அப்பா சம்மதிப்பதை யாரும் நம்பவில்லை

தங்கச்சி, உங்கள் கதையில் மாரடைப்பு வந்ததும் அப்பா மகள் கல்யாணத்துக்குத் தலையாட்டுகிறார், கதையைப் படித்தவர்கள் சிரித்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நானும் சிரித்திருப்பேன்! அந்த மாரடைப்பைத் தூக்கிவிடுங்கள். பகாவ் தோட்டத்தில் மண்டோராக (கங்காணியாக) இருந்த மனுஷன் ஒரே ராத்திரியில் மாறமாட்டார். அந்த மாற்றத்தைப் பாதிக் கதையிலேயே தொடங்குங்கள்: ஒட்டுக்கடையில் மகள் விரும்பும் பையன் குடித்த தே தாரிக் டீக்கும் சேர்த்து அப்பா காசை வைத்துவிட்டு, அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் மோட்டாரைக் கிளப்பட்டும்.

அப்புறம், பெண்ணுக்கு 23 வயது. இங்கே மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 21 முடிந்தால் திருமணப் பதிவுக்கு அப்பா கையெழுத்தே வேண்டாம். அது தெரிந்தும் அவள் காத்திருந்தால்தான் அந்தச் சம்மதத்துக்கு மதிப்பு.

அவனைச் சிங்கப்பூர் வேலையை விடவைக்காதீர்கள், ப்ளீஸ். கடன் இருக்கிறதே! மண்டபம், மேளமெல்லாம் இரண்டு வரி போதும்.