“ரிப்போர்ட் எல்லாம் நார்மல், வலி மட்டும் போகவில்லை!”

கேள்வி: மூன்று வருடமாக உடம்பு முழுக்க வலி. தூங்கி எழுந்தாலும் அசதி. எல்லாப் பரிசோதனையும் நார்மல். ‘ஃபைப்ரோமயால்ஜியா’ என்கிறார் டாக்டர். நடக்கச் சொன்னார். அரை மணி நேரம் நடந்தேன், இரண்டு நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. வீட்டிலோ ‘எல்லாம் மனப்பிரமை’ என்கிறார்கள்.

பதில்: பிரமை இல்லை. உங்கள் வலி நிஜம். வீட்டில் இருப்பவர்களும் இதைப் படிக்கட்டும். நரம்பு மண்டலம் வலியைக் கையாளும் விதம் மாறிப்போனதுதான் கோளாறு. சட்டைத் தையல் தோளில் அழுந்தினால்கூட சிலருக்கு வலிக்கும். இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பரிசோதனைகள் அழற்சியைத் தேடுபவை. இந்த நோயில் அது இல்லாததால் ரிப்போர்ட் நார்மலாகத்தான் வரும். தைராய்டு குறைவும் இதே மாதிரி அசதி, வலி தரும் என்பதால் டி.எஸ்.ஹெச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை மட்டும் பார்த்தாயிற்றா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

நடந்ததில் தப்பில்லை, அளவில்தான் தப்பு. 2017-ல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதல் இந்த நோய்க்கு அழுத்தமாகப் பரிந்துரைத்த ஒரே சிகிச்சை உடற்பயிற்சிதான். ஆனால் எங்கே தொடங்குகிறோம் என்பது முக்கியம். வலி அதிகமாக இருக்கும் நாளில் எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது என்று பாருங்கள். 6 நிமிடம் என்றால் 5 நிமிடத்தில் தொடங்குங்கள். உடம்பு லேசாக இருக்கும் நாளிலும் அதே 5 நிமிடம்தான். பலரும் சறுக்குவது இங்கேதான்: நல்ல நாள் கிடைத்தால் தேங்கிய துணி, அலமாரி, பாத்திரம் என்று அத்தனையையும் முடித்துவிட்டு மறுநாள் படுத்துவிடுகிறார்கள். ஒரு வாரம் தாங்கினால் 1 நிமிடம் கூட்டுங்கள். கூட்டியதால் வந்த வலி இரண்டு நாளில் தணியவில்லை என்றால் பழைய அளவுக்கு இறங்குங்கள், நிறுத்திவிடாதீர்கள். 20 நிமிடத்தை எட்ட மாதங்கள் ஆகும், ஆகட்டும்.

கேள்வி: இரவில் போட அமிட்ரிப்டிலின் 10 மி.கி. கொடுத்திருக்கிறார்கள். அது மனச்சோர்வு மருந்தாமே? வலி மாத்திரையே போதாதா?

பதில்: மனச்சோர்வுக்கு இதைவிடப் பல மடங்கு டோஸ் தேவை. இந்தச் சிறிய டோஸ் வலிக்கும் தூக்கத்துக்கும்தான். காலையில் மந்தமாக இருந்தால், படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வாய் உலரும், மலச்சிக்கல் வரலாம். கண் அழுத்த நோய், இதயத் துடிப்புக் கோளாறு, சிறுநீர் அடைப்பு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பலன் தெரியச் சில வாரம் ஆகும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாத்திரைகள் இந்த வலிக்குப் பெரிதாக உதவாது. தினமும் போட்டால் வயிறும் சிறுநீரகமும்தான் கெடும்.

மூட்டு வீக்கம், காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, கை கால் பலமிழப்பு — இதில் எது புதிதாக வந்தாலும் ஃபைப்ரோமயால்ஜியாவின் கணக்கில் எழுதிவிடாமல் உடனே காட்டுங்கள்.