நடக்கத் தொடங்கிய பிள்ளைக்காக வீட்டையே பூட்ட வேண்டுமா?

கேள்வி: எங்கள் மகனுக்கு 13 மாதம், இப்போதுதான் நடக்கிறான். வீட்டை இலவசமாகச் சோதித்துத் தருவதாக வந்த ஒருவர் மேசை முனை ரப்பர், டிராயர் பூட்டு, பிளக் மூடி, வாக்கர் என்று நீளமான பட்டியல் கொடுத்து முன்பணம் கேட்கிறார். எல்லாம் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். வந்தவர் விற்பனையாளர். உங்கள் வீட்டில் குறையே இல்லை என்றால் அவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். அப்படிச் சொல்வாரா?

ஒவ்வொரு பொருளையும் பார்த்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: இதனால் அடிபட்டால் பையன் அழுதுவிட்டு மறுபடி ஓடுவானா, ஆஸ்பத்திரியில் கிடப்பானா? மேசை முனை பெரும்பாலும் முதல் வகை. நெற்றி வீங்கும், வடியும். விடுங்கள்.

இரண்டாவது வகையில் சமரசம் கிடையாது. டிராயரை இழுத்து அதன்மேல் ஏறினால் அலமாரி அவன்மேலேயே சாயும். சுவரோடு இணைத்துத் திருகுங்கள். வாளியில் நாலு விரல் தண்ணீர்கூட வேண்டாம். இந்த வயதில் தலை கனம், கவிழ்ந்தால் எழத் தெரியாது. மருந்தும் கழிப்பறை கழுவும் திரவமும் உயரத்தில், பூட்டுக்குள்.

பிளக் மூடி? உள்ளே தானாக மூடிக்கொள்ளும் தடுப்புள்ள சாக்கெட்டுக்கு அது தேவையே இல்லை, அளவு சரியில்லாவிட்டால் அந்தத் தடுப்பையே கெடுத்துவிடும். பிரிட்டனில் 2016-ல் மருத்துவமனைகளில் இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று அரசே எச்சரித்தது. வாக்கரோ இன்னும் மோசம். பையனுக்குப் படிக்கட்டு வரை பாயும் வேகத்தைக் கொடுக்கும், நிற்கக் கற்றுத்தராது. கனடா 2004-லேயே தடை செய்துவிட்டது. அதைப் பாதுகாப்புப் பட்டியலில் எழுத ஒரு துணிச்சல் வேண்டும்!

அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றுக்குத்தான் நான் பயப்படுவேன்: காசு போலத் தட்டையாக இருக்கும் பட்டன் பேட்டரி. ரிமோட், எடை பார்க்கும் கருவி, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை என்று பலவற்றில் இருக்கும். விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கும். அங்குள்ள ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து, அமிலம் போலவே அரிக்கும் காரம் என்ற ரசாயனம் உண்டாகி, இரண்டு மணி நேரத்தில் சதையை அரித்துவிடும். ரிமோட்டை ஓட்டத் திராணியில்லாத பழைய பேட்டரியிலும் இதற்குப் போதிய சக்தி மிச்சமிருக்கும். வெறும் இருமலோ எச்சில் ஒழுகலோ மட்டும் இருக்கலாம், எதுவுமே தெரியாமலும் போகலாம். சந்தேகம் வந்தாலே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே கேளுங்கள். 'நாளை மலத்தில் வந்துவிடும்' என்று யாராவது அனுப்பப் பார்த்தால் நகராதீர்கள். வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது.

பொம்மையின் பேட்டரி மூடிக்குத் திருகு வேண்டும் என்று பல நாடுகளில் விதி உண்டு. ஆனால் பொம்மையைவிடப் பிள்ளைகளுக்குப் பிடித்த ரிமோட்டை ரொம்பக் காலம் எவரும் சீண்டவில்லை. அமெரிக்காவிலேயே 2022-ல்தான் சட்டம் வந்தது. பிள்ளைகள் விழுங்கி முடித்த பிறகுதான் கோப்பு நகர்கிறது. நீங்கள் காத்திருக்காமல் இன்றே மூடியை டேப் போட்டுச் சுற்றிவிடுங்கள்.

கடையில் வாங்க வேண்டியது, வீட்டில் படி இருந்தால், ஒரு தடுப்புக் கதவு. மேல்படிக்குத் திருகு அடித்துச் சுவரில் பொருத்தும் வகையே வாங்குங்கள்; அழுத்தத்தில் நிற்கும் வகை பையன் சாய்ந்தால் பெயர்ந்துவிடும், அது கீழ்ப்படிக்கு மட்டும். முன்பணம் கொடுத்துவிட்டீர்களா? திருப்பிக் கேளுங்கள்.