சீற் வேலை செய்த அப்பாவுக்கு நுரையீரல் நோய்: இலங்கையில் நட்டஈடு கேட்க முடியுமா?

கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். நீங்கள் முல்லைத்தீவுப் பக்கம். அப்பா இளமையில் தென்பகுதியில் அஸ்பெஸ்டஸ் சீற் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர். பிறகு ஊருக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் மேசன் வேலையும் கூரை வேலையும். இப்போது நாலு அடி நடந்தாலே இளைக்கிறது. சி.ரி. ஸ்கானில் நுரையீரல் உறை தடித்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இணையத்தைத் திறந்தால் அமெரிக்கச் சட்டத்தரணிகளின் விளம்பரம் வருகிறது. யாரோ ஒருவர் முன்பணம் தந்தால் வெளிநாட்டில் கோடிக்கணக்கில் எடுத்துத் தரலாம் என்கிறார்.

முதலில், அந்த ஆளுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். நட்டஈடு கேட்கலாம், ஆனால் தொழிற்சாலையில் இருந்த வருடங்களை வைத்துத்தான். மேசன் வேலை செய்த வருடங்களுக்கு எங்கள் நாட்டுச் சட்டத்தில் கேட்டுப்போக ஒரு கதவு இல்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நான் சட்டத்தரணி இல்லை. என் மனைவியின் தகப்பனாருக்காக இதே கோரிக்கையைத் தூக்கிக்கொண்டு கிளிநொச்சியிலிருந்து கொழும்பு வரை அலைந்தவன். மாமாவும் எழுபதுகளின் கடைசியில் கொழும்புப் பக்கம் ஒரு சீற் தொழிற்சாலையில் இருந்து, 83 கலவரத்தோடு உடுத்த உடுப்போடு கிளிநொச்சிக்கு வந்தவர். இருமல் தொடங்கியபோது எல்லோரும் காசநோய் என்றுதான் நினைத்தோம். மார்பு நோய்க் கிளினிக்கில் சளி பரிசோதித்து, கிருமி இல்லை என்று வந்த பிறகும் இன்னொருமுறை பரிசோதித்தார்கள். முப்பது வருடத்துக்கு முந்திய தூசி யாருக்கும் ஞாபகம் வரவில்லை. இந்த நோயின் இயல்பே அதுதான். அஸ்பெஸ்டஸ் நார் உள்ளே போய் இருபது, முப்பது, சிலருக்கு நாற்பது வருடம் கழித்துத்தான் நுரையீரல் தழும்பேறும் அஸ்பெஸ்டோசிஸ் என்றோ, நுரையீரல் புற்றுநோய் என்றோ, நுரையீரல் உறையில் வரும் புற்றுநோயான மீசோதீலியோமா என்றோ வெளியில் வருகிறது.

ஆகையால் வழக்கு தொடங்குமிடம் கிளினிக். வைத்தியர் தொழில் என்ன என்று கேட்டால் எங்கள் ஆட்கள் "மேசன் வேலை" என்பார்கள். கொப்பியிலும் அப்படியே பதிவாகும். அந்த ஒரு சொல் பிறகு உங்களுக்கு எதிராக நிற்கும். கிளினிக்கில் சனம் நிரம்பி வழியும், விளக்கமாகக் கதைக்க நேரம் கிடைக்காது. அதனால் நாங்கள் மாமாவை இருத்திவைத்து அவர் செய்த வேலைகளை ஒரு தாளில் வருட வரிசைப்படி எழுதிக் கொடுத்தோம். அதில் ஒரு பகுதி இப்படி: "நார் சணல் சாக்கில் வரும். சாக்கைக் கத்தியால் வெட்டி, கையால் உடைத்து, கலவை மெசினுக்குள் கொட்டுவது என் வேலை. முகத்துக்கு லேஞ்சி மட்டும். வெறும் சாக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து உதறி அரிசி போட்டு வைத்தோம்." வாசித்த வைத்தியர் தலை நிமிர்ந்து மாமியைப் பார்த்து, அவவுக்கும் ஒரு எக்ஸ்றே எழுதினார். உதறியது அவதானே. உங்கள் அம்மாவையும் காட்டுங்கள். வேலை உடுப்பைத் தோய்த்த பெண்களுக்கும் இந்த நோய் வரும்.

வைத்தியரிடம் கேட்க வேண்டியவை இரண்டு. நோயின் பெயரோடு, அது தொழிலால் வந்திருக்கலாம் என்ற அவருடைய கருத்தும் எழுத்தில் வேண்டும். உழைக்கும் சக்தி எவ்வளவு குறைந்துவிட்டது என்ற மதிப்பீடும் வேண்டும். உறை தடித்திருப்பது நார் உள்ளே போனதற்கு அடையாளமாக இருக்கலாம், அவ்வளவுதான். நட்டஈட்டைக் கணக்கிடுவது இழந்த உழைப்பை வைத்து. திசு எடுத்துப் பரிசோதித்திருந்தால் அந்த அறிக்கையை எந்தக் காரணம் கொண்டும் தொலைத்துவிடாதீர்கள்.

அடுத்தது, அப்பா அங்கே வேலை செய்தார் என்பதற்கு அத்தாட்சி. வன்னியில் பலர் மனம் விட்டுப்போவது இந்த இடத்தில்தான். நியமனக் கடிதம், சம்பளத் துண்டு எல்லாம் எங்கே? தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வொரு இடமாக விட்டு, மிச்சத்தை மாத்தளனில் விட்டு, வெறுங்கையோடு செட்டிகுளம் முகாமுக்குப் போன சனத்திடம் 1979ஆம் ஆண்டுக் கடிதம் கேட்டால் என்ன செய்வது? ஆனால் எங்கள் வீட்டில் எரிந்த எல்லாம் கொழும்பில் எரியவில்லை. ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. தொழிற்சாலை அதற்குக் காசு கட்டியிருந்தால், எந்த முதலாளி, எந்தக் காலம் என்ற பதிவு அங்கே இருக்கும். நிதியின் கணக்கு இருப்பது மத்திய வங்கியில், நிர்வாகம் தொழில் திணைக்களத்தில். பக்கத்திலுள்ள தொழில் அலுவலகத்துக்கு அடையாள அட்டையோடு போங்கள். அங்கத்துவ இலக்கம் மறந்திருந்தாலும் கேளுங்கள்.

மாமாவின் பதிவில் தகப்பன் பெயர் முன்னுக்கும் அவருடைய பெயர் பின்னுக்குமாக, எழுத்துப் பிழையோடு கிடந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தோம். 83இல் ஓடிவந்தபோது எடுக்காமல் விட்ட காசும் அந்தக் கணக்கில் கிடந்தது. அலுவலகத்தில் இழுத்தடித்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கூட வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடமும் சத்தியக் கடதாசி வாங்கிவிடுங்கள். அவர்களுக்கும் வயது போய்விட்டது, அதனால் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள்.

இனிச் சட்டம். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம்தான் உங்களுக்கு முதல் வழி. கோரிக்கை கொழும்பிலுள்ள நட்டஈட்டு ஆணையாளருக்குப் போகும். இயந்திரத்தில் கை போனவரையும், சாரத்திலிருந்து விழுந்தவரையும் மனதில் வைத்து எழுதிய சட்டம் அது. தொழில் நோய்களுக்கு ஒரு அட்டவணை இருக்கிறது என்றாலும், வேலையை விட்டு முப்பது வருடம் கழித்து மூச்சு முட்டும் ஒருவர் அதற்குள் இலகுவில் அடங்கமாட்டார். காலக்கெடுதான் பெரிய மல்லுக்கட்டு. ஏன் பிந்தியது, நோய் என்னவென்று எந்தத் திகதியில் முதலில் தெரியவந்தது என்பதைக் கோரிக்கையிலேயே விளக்கி எழுத வேண்டும். மாவட்ட நீதிமன்றத்தில் தனியாக நட்டஈட்டு வழக்குப் போடவும் வழி உண்டு. ஆனால் அதற்குக் காலவரை வைக்கும் சட்டம் 1871ஆம் ஆண்டுடையது, கொடுப்பது இரண்டே வருடம். ஸ்கான் அறிக்கை கையில் வந்த நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, அந்தக் கிழமையே சட்டத்தரணியிடம் போங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

எந்தச் சட்டத்தரணி? 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் அதற்கு அலுவலகம் உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்டத்தரணியின் உதவி இலவசம். கிராம சேவையாளரிடம் வருமானக் கடிதம் எடுத்துக்கொண்டு போங்கள். எங்களுக்குக் கிடைத்த பிள்ளை இளம் சட்டத்தரணி, அஸ்பெஸ்டஸ் கோரிக்கை அவவுக்கு அதுதான் முதல். ஆனாலும் ஒவ்வொரு தாளையும் இருந்து வாசித்தா. அது போதும்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். விசாரணையில் அவர்கள் முதலில் தூக்கியது மாமாவின் சுருட்டு. "புகைத்தவர்தானே, நெஞ்சு கெடாமல் என்ன செய்யும்?" இதற்குப் பதில் மருத்துவத்தில் தெளிவாக இருக்கிறது. அஸ்பெஸ்டோசிஸும் மீசோதீலியோமாவும் சுருட்டால் வருவதில்லை. நுரையீரல் புற்றுநோய் புகையாலும் வரும், நாராலும் வரும். இரண்டும் சேர்ந்த உடம்பில் ஆபத்து பல மடங்காகும் என்பதால், சுருட்டைக் காட்டி நாரை விடுவிக்க முடியாது. அடுத்ததாக, "நாங்கள் பாவித்தது வெள்ளை நார், அது பாதுகாப்பானது" என்றார்கள். இலங்கை 1987இல் தடைசெய்தது நீல நாரை. வெள்ளை நார் இன்றும் ரஷ்யாவிலிருந்து வருகிறது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு எல்லா நிற அஸ்பெஸ்டஸையும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதல் பிரிவில்தான் வைத்திருக்கிறது.

மாமாவுக்கே மனம் ஒப்பவில்லை. "தம்பி, அந்தத் தூசிதான் எங்களுக்குச் சோறு போட்டது. அதைப் போய்க் குற்றம் சொல்லுறதோ?" என்று கேட்டார். உங்கள் அப்பாவும் கேட்கலாம். உழைத்தது அவர், சம்பளம் அந்த உழைப்புக்கு. நெஞ்சைக் கொடுப்பதாக எந்தக் கடிதத்திலும் அவர் கையெழுத்து வைக்கவில்லை. நான் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் விசாரணை முடியுமுன் ஒரு இணக்கத்துக்கு வந்தார்கள். தொகையை வெளியில் சொல்வதில்லை என்பது உடன்பாடு. மருந்துச் செலவுக்கும், மாமியின் கையில் கொஞ்சம் இருக்கவும் போதுமானதாக இருந்தது.

பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். இந்தச் சட்டத்தில் ஆகக்கூடிய தொகை 550,000 ரூபாயாக இருந்து, 2022ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தத்தால்தான் 2,000,000 ஆனது. போருக்குப் பின் இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்குக் கொடுத்ததும் அதே 550,000தான். அப்போது இரண்டு நுரையீரலுக்கும் ஒரு கல்வீட்டுக்கும் ஒரே விலை.

அமெரிக்க விளம்பரங்கள் பொய்யல்ல, ஆனால் உங்களுக்கானவை அல்ல. ஜோன்ஸ் மான்வில் என்ற பெரிய நிறுவனம் 1982இல் வங்குரோத்துக்குப் போனது. அதன் பிறகு அப்படிப் போன நிறுவனங்களின் காசில் நட்டஈட்டு நிதியங்கள் அமைந்தன. காசு கேட்பவர் அந்தந்த நிறுவனத்தின் பொருளோடு வேலை செய்ததைக் காட்ட வேண்டும். எங்கள் ஊர்ச் சீற்றை அறுத்தவருக்கு அங்கே இடமில்லை. ஆனால் லண்டனில் கட்டட வேலையோ பழைய கட்டடம் உடைக்கும் வேலையோ செய்த சொந்தக்காரருக்கு மீசோதீலியோமா என்றால் கதை வேறு. முதலாளியோ அவருடைய காப்புறுதி நிறுவனமோ இல்லாமல் போயிருந்தாலும், 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அங்கே ஒரு கொடுப்பனவுத் திட்டம் உண்டு. நோய் கண்டுபிடித்து மூன்று வருடத்துக்குள் கேட்க வேண்டும். ஊரில் ஓய்வாக இருப்பவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

இனி அந்த மேசன் வருடங்கள். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு எத்தனை ஆயிரம் கூரை போட்டோம். கிரைண்டரால் சீற் அறுக்கும்போது எழும்பும் வெள்ளைப் புகையில் ஆளின் முகமே தெரியாது. செல்லடியில் நொறுங்கிய சீற் துண்டுகளை முற்றத்தில் சேறு மிதிக்காமல் இருக்கப் பரவினோம், கோழிக்கூட்டுக்கு அடைத்தோம். அந்த மேசன்மாருக்கு முதலாளி யார்? நாட்கூலிக்கு வீட்டுக்காரர், அடுத்த கிழமை இன்னொரு வீட்டுக்காரர். கேட்டுப்போக ஆள் இல்லை. ஜப்பானில் அமகசாகி நகரத்துத் தொழிற்சாலையைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்கு நோய் வந்தது 2005இல் வெளியே தெரிந்ததும், அடுத்த வருடமே தொழிலாளி அல்லாதவருக்கும் உதவும் சட்டம் கொண்டுவந்தார்கள். இந்தியாவில் 1995இல் உச்ச நீதிமன்றம், நோயுற்ற அஸ்பெஸ்டஸ் தொழிலாளிக்கு ஒரு இலட்சம் ரூபாய் கொடுக்கவும், தொழிலாளரின் மருத்துவப் பதிவை 40 வருடம் வைத்திருக்கவும் உத்தரவிட்டது. எங்கள் நாடு 2015இல், 2018 முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை நிறுத்துவோம் என்றது. 2017 டிசம்பரில் ரஷ்யா எங்கள் தேயிலைப் பொதியில் வண்டு என்று சொல்லி இறக்குமதியை இடைநிறுத்தியதும், அந்த முடிவைக் கைவிட்டது. தேயிலை தப்பியது. அறுக்கிறவனின் நெஞ்சைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. சுயதொழில் மேசனுக்கும் அவன் மனைவிக்கும் ஒரு நிதியம் வேண்டும் என்று கட்டடத் தொழிலாளர் சங்கங்களும் எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களும் கேட்க வேண்டும்.

அதுவரை செலவுக்கு: பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கண்டு நோய்க் கொடுப்பனவு பற்றிக் கேளுங்கள். பெரிய சிகிச்சை என்றால் சனாதிபதி நிதியத்துக்கும் விண்ணப்பிக்கலாம். புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால் தெல்லிப்பளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், மகரகம வரை அலைய வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று, சொல்ல மனம் கூசுகிறது, ஆனால் வேண்டும். கோரிக்கை முடியுமுன் அப்பாவுக்கு ஏதும் நடந்தால் உரிமை அவரோடு போய்விடாது. அவரில் தங்கியிருந்த அம்மா கேட்கலாம். ஆனால் மரண அத்தாட்சிப் பத்திரத்தில் "நெஞ்சு வருத்தம்" என்றோ "முதுமை" என்றோ எழுதிவிட்டால் வழக்கில் பாதி போய்விடும். வீட்டில் நடந்தாலும் மரணத்தைப் பதியும் அதிகாரியிடம் கிளினிக் கொப்பியையும் ஸ்கான் அறிக்கையையும் காட்டி, நோயின் பெயரைப் பதியச் சொல்லுங்கள். அந்த நேரம் வீட்டில் யாருக்கும் தலை நிற்காது. ஆகவே கொப்பி எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் இப்போதே சொல்லிவையுங்கள்.