ஊர்விட்டு ஊர் வீடு மாற்றுகிறீர்களா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஏப்ரல், மே வந்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி வீடு மாற்றுவது பற்றித்தான் இருக்கும். ஊருக்குள்ளேயே தெரு மாறுவது ஒரு நாள் வேலை. ஐந்நூறு, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இன்னொரு மாநிலத்துக்குப் போவது அப்படியில்லை. பலரும் லாரி வாடகையை மட்டும் விசாரித்துவிட்டு அதுதான் மொத்தச் செலவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். கையைக் கடிப்பது பெரும்பாலும் லாரிக்கு முன்னும் பின்னும் வரும் செலவுதான். இந்த முறை வந்தவற்றில் பலருக்கும் பயன்படும் சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கோவையிலிருந்து புனேவுக்கு மாற்றல். இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமான். மூன்று இடங்களில் விசாரித்ததில் ஒருவர் 24,000, இன்னொருவர் 38,000, மூன்றாமவர் 47,000 ரூபாய் என்கிறார். ஒரே சாமானுக்கு எப்படி இவ்வளவு வித்தியாசம்?

மூன்று பேரும் ஒரே வேலைக்கு விலை சொல்லவில்லை, அதுதான் காரணம். சேலம், பெங்களூரு, ஹுப்ளி, கோலாப்பூர் வழியாகச் சுமார் 1,200 கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்குத் தனி வண்டி என்றால் 14 அடி அல்லது 17 அடி லாரி உங்களுக்கு மட்டும் வரும். உங்கள் வாசலில் ஏற்றியதை நேராக அங்கே வாசலில் இறக்குவார்கள். பார்ட் லோடு என்றால் உங்கள் சாமானோடு இன்னும் இரண்டு மூன்று வீட்டுச் சாமானும் ஏறும். வண்டி நிறைந்தால்தான் கிளம்புவார்கள். வழியில் ஏதாவது குடோனில் இறக்கி வேறு லாரியில் மாற்றுவதும் உண்டு. அப்படி ஏற்றி இறக்கும் ஒவ்வொரு தடவையும் பீரோவின் மூலையும் கட்டிலின் காலும் அடி வாங்கும். 24,000 சொன்னவர் அநேகமாகப் பார்ட் லோடு கணக்கில் சொல்லியிருப்பார். அது தப்பில்லை. சாமான் குறைவாக இருந்து, பத்து நாள் காத்திருக்கவும் முடியுமென்றால் நல்ல வழிதான். ஆனால் அவர் அதைச் சொல்லிவிட்டுத்தான் விலை சொல்ல வேண்டும்.

அப்புறம், போனில் கேட்டுச் சொன்ன விலையை நம்பவே வேண்டாம். ஆள் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும், இல்லையென்றால் வீடியோ காலிலாவது ஒவ்வொரு அறையாகக் காட்ட வேண்டும். வருபவர் பரணைத் திறந்து பார்க்கிறாரா, சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டைக் குனிந்து பார்க்கிறாரா என்று கவனியுங்கள். கொலு பொம்மை, பித்தளை அண்டா, பழைய புத்தகம் எல்லாம் அங்கேதான் இருக்கும். கூடத்தில் நின்றபடியே விலை சொல்லிவிட்டுப் போகிறவர், ஏற்றும் நாளில் “சாமான் அதிகமாக இருக்கிறதே சார்” என்று ஆரம்பிப்பார்.

எழுத்தில் வாங்க வேண்டியவை: சாமான் பட்டியல், தனி வண்டியா பார்ட் லோடா என்பது, கிளம்பும் தேதி, சேரும் தேதி. மாடிப்படிக் கூலி, கட்டில் கழற்றி மாட்டுவது, பெரிய லாரி தெருவுக்குள் வர முடியாவிட்டால் சின்ன வண்டியில் மாற்றி ஏற்றும் செலவு ஆகியவை விலையில் அடங்குமா என்பதும் அதில் இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. சேர்த்த விலையா என்றும் கேளுங்கள். பேக்கிங்கிலிருந்து இறக்குவது வரை சேர்த்துச் செய்யும் சேவைக்குப் பொதுவாக 18 சதவீதம் போடுவார்கள். 38,000 மேல் அது 6,840 ரூபாய். இதையெல்லாம் எழுதி வாங்கிய பிறகு மூன்று விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இடைவெளி பாதியாகக் குறைந்திருக்கும்.

மற்றவர்களைவிட மிகமிகக் குறைத்துச் சொல்கிறவரிடம் இன்னும் கவனம் வேண்டும். சாமானை ஏற்றிக்கொண்டு பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டு, இன்னும் இவ்வளவு கொடுத்தால்தான் இறக்குவோம் என்று மிரட்டும் கும்பல்கள் இருக்கின்றன. பிரபலமான நிறுவனத்தின் பெயரை ஓரெழுத்து மாற்றி வைத்துக்கொண்டு வருவார்கள். முன்பணம் பத்து, இருபது சதவீதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். ஏற்றியதும் ஒரு பகுதி, கணிசமான பாக்கி இறக்கிய பிறகுதான். லாரி எண்ணையும் டிரைவர் எண்ணையும் ஏற்றும்போதே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து பெங்களூரு போகிறோம். வேலை உறுதியாகிவிட்டது. கையில் எவ்வளவு பணம் இருந்தால் தைரியமாகக் கிளம்பலாம்?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், உங்கள் எண்களை அதில் மாற்றிக்கொள்ளுங்கள்.

பெங்களூருவில் 25,000 ரூபாய் வாடகையில் வீடு என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு காலத்தில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பதே வழக்கம். இப்போது பல இடங்களில் குறைந்திருந்தாலும் ஐந்து மாதம் என்று வைத்தால் 1,25,000. முதல் மாத வாடகை 25,000. புரோக்கர் கமிஷன் ஒரு மாதம் என்றால் இன்னொரு 25,000. சென்னை வீட்டைக் காலி செய்வதற்கும் அங்கே குடியேறுவதற்கும் நடுவில் அரை மாதமாவது இரண்டு பக்கமும் வாடகை ஓடும், அதற்கு 9,000. லாரி 20,000. வீடு பார்க்கப் போய்வரும் செலவும் குடும்பத்தின் பயணமும் 10,000. ஏ.சி. மாட்டுவது, தண்ணீர் சுத்திகரிப்பான், கொசுவலை, திரைச்சீலைக் கம்பி, எலக்ட்ரீஷியன், புதிய கேஸ் டெபாசிட் என்று சில்லறையாகப் போவது 15,000. மொத்தம் 2,29,000. எதிர்பாராத செலவுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் இரண்டரை லட்சம்.

இதில் லாரி பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதைப் பாருங்கள். லாரிக்காரரிடம் இரண்டாயிரத்துக்காக அரை மணி நேரம் பேரம் பேசுகிறவர்கள், வீட்டு உரிமையாளரிடம் “அட்வான்ஸை நான்கு மாதமாக வைத்துக்கொள்ளலாமா” என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. அந்த ஒரு கேள்வியில் 25,000 கையில் நிற்கும். மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாத அட்வான்ஸே உச்சம் என்கிறது. மாநிலங்கள் தனியாகச் சட்டமாக்கினால்தான் அது செல்லும், ஆனாலும் பேச்சை ஆரம்பிக்க அது உதவும்.

சென்னை வீட்டு அட்வான்ஸ் திரும்ப வருமே என்பீர்கள். வரும், ஆனால் சாவி கொடுத்து, பெயிண்ட் செலவு பேசி, கரண்ட் பில் பார்த்த பிறகுதான் வரும். பெங்களூருவில் பணம் கட்டும் நாளில் அது கையில் இருக்காது. ஆகவே அதைக் கணக்கில் வரவாக எழுதவே எழுதாதீர்கள். காலி செய்யும் தகவலை மட்டும் ஒப்பந்தத்தில் சொன்ன கெடுவுக்கு முன்பே வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கொடுத்துவிடுங்கள், அட்வான்ஸில் ஒரு மாதம் பிடிப்பதற்கு வீட்டு உரிமையாளருக்குக் காரணம் இருக்காது.

தேதி உங்கள் கையில் இருந்தால் மாதக் கடைசியையும் மாத முதல் வாரத்தையும் தவிருங்கள். மாத நடுவில் ஒரு புதன்கிழமை என்றால் ஆளும் நிதானமாக வருவார்கள், விலையும் இறங்கும். ஆடியிலும் மார்கழியிலும் நம்மூரில் வீடு மாற்றுகிறவர்கள் குறைவு. உங்களுக்கு அதில் ஆட்சேபம் இல்லையென்றால் பேரம் பேச நல்ல சமயம்.

ஹைதராபாத் போகிறேன். பைக்கையும் காரையும் எடுத்துப்போகவா, விற்றுவிடவா?

பைக்கை ரயிலில் அனுப்பலாம். நீங்கள் போகும் ரயிலிலேயே டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் போடுவது ஒரு வழி. பார்சலாகப் போட்டால் நீங்கள் பயணம் செய்ய வேண்டியதில்லை, ஆனால் அதே நாளில் போய்ச் சேரும் என்ற உறுதியும் இல்லை. பெட்ரோலை முழுக்க வடித்துவிட வேண்டும். ஆர்.சி., இன்சூரன்ஸ், அடையாள அட்டை நகல்கள் தேவை. சாக்கு வைத்துக் கட்டிக்கொடுக்கப் பார்சல் ஆபீஸ் பக்கத்திலேயே ஆட்கள் இருப்பார்கள். கண்ணாடிகளைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள்.

வெளிமாநில வண்டியை ஒரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். இங்கே ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும், கடன் இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதமும் வேண்டும். கட்டாத டிராஃபிக் அபராதம் இருந்தால் முதலில் அதை முடியுங்கள். அங்கே படிவம் 27 கொடுத்து, வண்டியின் வயதுக்கு ஏற்றபடி சாலை வரி கட்டி, அதன் பிறகு இங்கே கட்டிய ஆயுள் வரியில் மீதியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். முதலில் கட்டுவது, பிறகுதான் வாங்குவது. திரும்ப வர மாதக்கணக்கில் ஆகும். அதனால் என் கணக்கு இதுதான்: கார் புதியது, இரண்டு மூன்று வருடமாவது அங்கே இருப்பீர்கள் என்றால் கொண்டுபோங்கள். பத்து வருடப் பழைய ஸ்கூட்டரை இங்கேயே விற்றுவிடுங்கள்.

அடிக்கடி மாற்றல் வரும் வேலை என்றால் அடுத்த வண்டிக்கு பி.எச். (பாரத்) வரிசைப் பதிவு கிடைக்குமா என்று பாருங்கள். 2021இல் வந்தது. அரசு ஊழியர்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களுக்கும் தருகிறார்கள். மாநிலம் மாறும்போது மறுபதிவுத் தொல்லை இல்லை.

இன்சூரன்ஸ் என்று சாமான் மதிப்பில் 3 சதவீதம் கேட்கிறார்கள். தேவையா?

தேவை, ஆனால் பணம் எதற்குப் போகிறது என்று தெரிந்து கொடுங்கள். இன்சூரன்ஸ் என்று வாங்கிக்கொண்டு தங்கள் லெட்டர்பேடில் ஒரு வரி எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு. உங்கள் பெயரில், காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி எண்ணோடு, சாமான் மதிப்பு எழுதிய சான்று கையில் வர வேண்டும். நகை, ரொக்கம், பத்திரம் எதுவும் அதில் அடங்காது, அவை உங்கள் கைப்பையில்தான் வர வேண்டும். டி.வி. வெளியே கீறல் இல்லாமல் உள்ளே மட்டும் பழுதானால் பெரும்பாலும் கிடைக்காது. ஏற்றும் முன் ஓடவிட்டு ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சாமானை ஏற்றியதும் லாரிக்காரர் தரும் எல்.ஆர். ரசீதில் “ஓனர்ஸ் ரிஸ்க்” (சேதமானால் சாமான்காரர் பொறுப்பு) என்று முத்திரை இருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 2007ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குச் சட்டத்தின்கீழ், அதிக மதிப்பு எழுதி அதற்கான கட்டணம் கட்டாவிட்டால் லாரிக்காரரின் பொறுப்புக்கு ஒரு வரம்பு உண்டு. விதிகளின்படி அது லாரி வாடகையைப் போலப் பத்து மடங்கு. உடைந்ததையும் காணாமல் போனதையும் இறக்கும் இடத்திலேயே ரசீதில் எழுதுங்கள். சாமான் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தால்தான் பிறகு வழக்குப் போட முடியும். பேச்சு சரிவராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வழியில் செக்போஸ்டில் ஈ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கான ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு) இல்லை என்று சொல்லி யாராவது கூடுதல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு ஈ-வே பில் தேவையில்லை என்று ஜி.எஸ்.டி. விதியிலேயே விலக்கு இருக்கிறது. பழைய வீட்டுச் சாமான் என்று எழுதிய பட்டியலும் உங்கள் மாற்றல் கடித நகலும் டிரைவரிடம் இருக்கட்டும்.

கேஸ் சிலிண்டரை லாரியில் போட்டுவிடலாமா?

கூடவே கூடாது. ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து டெர்மினேஷன் வவுச்சர் (இணைப்பை முடித்ததற்கான சீட்டு) வாங்குங்கள், அதைக் காட்டிப் புது ஊரில் இணைப்பு எடுக்கலாம். முன்பு நீங்கள் கட்டிய டெபாசிட்தான் திரும்ப வரும். 2022 ஜூனில் 14.2 கிலோ சிலிண்டருக்கு டெபாசிட் 2,200 ரூபாயாக உயர்ந்தது. பல வருடத்துக்கு முன் இணைப்பு எடுத்தவர்கள் அந்த வித்தியாசத்தைக் கையிலிருந்துதான் போட வேண்டும்.

பையன் ஒன்பதாவது முடிக்கிறான், சி.பி.எஸ்.இ. அடுத்த வருடம் மாற்றினால் பிரச்சினையா?

பத்தாம் வகுப்பில் நேரடியாகச் சேர்ப்பதில்லை, பெற்றோரின் மாற்றல் போன்ற காரணத்தோடு வாரியத்தின் அனுமதி வேண்டும். மாற்றல் உத்தரவை வைத்துக்கொண்டு பள்ளியிடம் இப்போதே பேசுங்கள். இன்னொன்றையும் பாருங்கள்: கர்நாடகம், தெலங்கானா, மகாராஷ்டிரம் மூன்றிலும் பள்ளிகளில் அந்த மாநில மொழி கட்டாயம் என்று சட்டம் இருக்கிறது. நடுவில் வரும் பிள்ளைகளுக்குச் சலுகை உண்டா என்று சேரும் முன் கேளுங்கள். ஒரு வருடத்துக்கு மொழி டியூஷன் செலவையும் பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள்.

கம்பெனி இடமாற்றத்துக்கு 60,000 தருகிறது. வரி பிடிப்பார்களா?

மாற்றலுக்காகத் தரும் படியில் பயணம், பேக்கிங், சாமான் ஏற்றிச் செல்வது ஆகியவற்றுக்கு உண்மையில் செலவான அளவுக்கு வரி கிடையாது. மீதிக்கு உண்டு. அதனால் ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் வாங்குங்கள். “பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்” என்பவரிடம் போனால் விலக்கும் போகும், நுகர்வோர் புகாருக்குக் கையில் ஆதாரமும் இருக்காது.

அம்மா அம்மியையும் துளசி மாடத்தையும் விட்டு வர மாட்டேன் என்கிறார். வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாம் வேறு இருக்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது?

அம்மியை எடுத்துப் போங்கள். எழுபது வயதில் ஊர் மாறி வருகிறவருக்குப் பழகிய பொருள் ஒன்றிரண்டு கண் முன்னால் இருப்பது பெரிய விஷயம். எடை கொஞ்சம் கூடினால் கூடட்டும், சாக்கில் சுற்றி லாரியின் தரையிலேயே வைத்துவிடலாம். சிமெண்ட் மாடத்தை விட்டுவிட்டுத் துளசியை மட்டும் சின்னத் தொட்டிக்கு மாற்றி உங்களோடு காரில் கொண்டுபோங்கள். மூடிய லாரிக்குள் இரண்டு நாள் வெயிலும் காற்றும் இல்லாமல் செடி தாங்காது. குத்துவிளக்கு, பால் காய்ச்சும் பாத்திரம், அம்மாவின் மாத்திரைகள், இரண்டு நாளுக்கான துணி இவையும் காரில்தான். லாரி தாமதமானாலும் குடிபோகும் நேரம் தவறாது.

விற்க வேண்டியவை: பிளைவுட் கட்டில், பழைய சோபா, கழற்றினால் மறுபடி சரியாகச் சேராத அலமாரி. இவற்றின் லாரி இடத்துக்கு ஆகும் பணத்தில் அங்கே பாதி விலைக்குப் பழையது வாங்கலாம். தேக்குக் கட்டில் என்றால் யோசிக்காமல் எடுத்துப் போங்கள்.

கிரைண்டரில் கல்லை எடுத்துத் தனியாகச் சுற்றுங்கள், உள்ளேயே வைத்தால் குலுங்கிப் பாத்திரத்தை நசுக்கிவிடும். ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைத்துப் பனியை உருகவிட்டுத் துடைத்து, நிற்கவைத்தே ஏற்றச் சொல்லுங்கள். இறக்கியதும் சில மணி நேரம் விட்டுத்தான் பிளக் போட வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரியும் சாயக் கூடாது. முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷின் என்றால் வாங்கியபோது பின்னால் இருந்து கழற்றிக் கொடுத்த நீள போல்ட்டுகளைத் தேடி எடுங்கள், டிரம் ஆடாமல் பிடிப்பது அவைதான். கிடைக்காவிட்டால் கம்பெனி சர்வீஸ் ஆளிடம் சொல்லி வாங்கி மாட்டிய பிறகே லாரியில் ஏற்றுங்கள். புது வீட்டில் ஓடவிடும் முன் மறக்காமல் கழற்றிவிடுங்கள்.