கிணற்றுக்குக் குளோரின் போட்டால் போதுமா?

கேள்வி: யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருக்கிறோம். மாரி மழைக்குப் பிறகு கிணற்றுத் தண்ணீர் கலங்கிவிட்டது. பக்கத்து வளவின் மலக்குழி வேலியோடு இருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளைக்கு நெருப்புக்காய்ச்சல் (தைபொயிட்). கிணற்றை இறைத்துக் குளோரின் போட்டால் பயமில்லாமல் குடிக்கலாமா?

பதில்: போடுங்கள், ஆனால் கொதித்தாறிய தண்ணீரை விட்டுவிடாதீர்கள். எங்கள் மண்ணுக்குக் கீழே இருப்பது வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். குழியில் இருந்து ஊறுவது வெடிப்புக்குள் இறங்கிவிட்டால் வடிகட்ட எதுவும் இல்லை. கிணற்றில் இருந்து குழி 50 அடி தள்ளியிருந்தால் போதும் என்ற கணக்கு இங்கே உத்தரவாதம் அல்ல. மாரியில் நிலத்தடி நீர் உயர்ந்து குழியின் அடியைத் தொட்டால் இன்னும் மோசம்.

வெள்ளம் வற்றமுன் இறைப்பது வீண்வேலை. அதே அழுக்குத்தான் திரும்ப ஊறும். வற்றியபின் இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, ஊறவிடுங்கள். 10 அடி விட்டமுள்ள கிணற்றில் 6 அடி தண்ணீர் நின்றால் ஏறத்தாழ 13,000 லீற்றர். அதற்கு 33 சதவீதக் குளோரின் தூள் 800 கிராம் அளவில் வேண்டும். கடையில் திறந்து கிடந்த பழைய தூளில் வீரியம் இருக்காது. பலர் தூளை அப்படியே கொட்டுகிறார்கள். அது அடியில் கட்டியாகக் கிடக்கும். வாளியில் கரைத்து, அடைய விட்டு, தெளிந்த மேல்நீரை மட்டும் ஊற்றிக் கலக்குங்கள். ஓர் இரவு விட்டு, மணம் போகும்வரை இறையுங்கள்.

இது அன்றைய கிருமியைத்தான் கொல்லும். குழி மறுநாளும் கசியும். ஆகவே குடிக்க, பல் துலக்க, பச்சடிக்குக் கழுவ எல்லாவற்றுக்கும் கொதித்தாறிய தண்ணீர். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் மூன்று நாள் தாண்டினால் வைத்தியசாலைக்குப் போய் இரத்தம் சோதியுங்கள். மிச்சக் குளிசை போட்டுப் பார்க்காதீர்கள்.

போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தை இருந்தால் வேறொரு சிக்கல். மலக்கழிவாலும் தோட்டத்து உரத்தாலும் சேரும் நைத்திரேற்று என்ற உப்பு கொதிக்க வைத்தால் போகாது, செறிவு கூடும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் என்றால் அந்தத் தண்ணீரில் குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கூடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு நைத்திரேற்று, மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலைக் கிருமி இரண்டையும் சோதிப்பியுங்கள். 100 மில்லிலீற்றரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது.

பக்கத்து வீட்டாரோடு கதைக்கமுன் உங்கள் குழியையும் அளந்து பாருங்கள். அது இன்னும் கிட்ட இருக்கவும் கூடும். இரு வீட்டாரும் அடியும் சுவரும் சீமெந்து பூசிய தொட்டி கட்டி, நிரம்ப நிரம்பக் கழிவை உறிஞ்சும் பவுசர் வண்டியில் எடுப்பித்தால் செலவுதான், ஆனால் கசிவு நிற்கும்.